பழுப்புப் பஞ்சு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. மெஹருன்னிசாவின் தம்பி என்னோடு கல்லூரியில் படித்தவன். அவன் சொல்லிக் கேட்டது. ஒவ்வொருவர் போலவும் பேசிக் காட்டுவதில் அவன் கெட்டிக்காரன் என்பதால், பேச்சுகளில் கொஞ்சம் கூடியிருக்கலாம். நடந்தவற்றில் கூடவில்லை என்று நம்புகிறேன்.

குரு மெஹருன்னிசாதான். வயது முப்பத்திரண்டு. வீடு வீடாகப் போய் மீன் தொட்டிகளைப் பராமரிப்பது அவர் தொழில். ஸ்கூட்டரின் முன்னால் இரண்டு வாளி, பின்னால் சுருட்டிய குழாய். பெரம்பூரிலிருந்து கொளத்தூர் வரை அவர் பார்க்கும் தொட்டிகள் இருந்தன.

சீடர் ஏகாம்பரம், அவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மூத்தவர். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

அவர்கள் தங்களைக் குரு என்றும் சீடர் என்றும் சொல்லிக்கொண்டதில்லை. ஏகாம்பரம் மெஹரை ‘டீச்சரம்மா’ என்பார். கேலியாகத் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. மெஹர் அவரை ‘அண்ணே’ என்பார்.

வேலை கற்றுக்கொள்ள வந்த அன்று மெஹர் கேட்டார்.

“இந்த வயசுல இது எதுக்குண்ணே?”

“இத்தினி வருஷம் பஸ் கண்ணாடியப் பாத்துக்கினே உக்காந்திருந்தேன். அதுக்கு அந்தாண்ட ஒரே டிராபிக். உங்க கண்ணாடிக்கு அந்தாண்ட நிம்மதியா இருக்குது.”

“வாளி தூக்கணும்.”

“தூக்கறேன்.”

ஒரு வருடம் தூக்கினார். மாடிப் படிகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தமாட்டார். தொட்டியின் கண்ணாடியைத் துடைத்தால், துடைத்த இடம் தெரியாது. அவருடைய பேருந்தில் சீட்டுக்கு அடியில்கூட தூசு இருக்காது என்று டிப்போவில் சொல்வார்களாம். அதை அவரே நான்கைந்து முறை மெஹரிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு விஷயம் மட்டும் அவருக்கு உறுத்தியது. ஃபில்டருக்குள் ஒரு பஞ்சு இருக்கும். தண்ணீர் அதன் வழியாகப் போய்த்தான் தொட்டிக்குத் திரும்பும். மெஹர் அந்தப் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு தடவை அமுக்கிவிட்டு, பழுப்பாகவே திருப்பி வைத்துவிடுவார். ஏகாம்பரம் ஒவ்வொரு முறையும் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார்.

வருட முடிவில் மெஹர் அவருக்கு ஒரு தொட்டியைத் தனியாகக் கொடுத்தார். கோதண்டம் வீட்டுத் தொட்டி.

கோதண்டம் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அவர் வீட்டுத் தொட்டியில் ஒரே ஒரு மீன். ஆஸ்கர் வகை. இரண்டு உள்ளங்கை அகலம், கறுப்பு உடம்பில் நெருப்புத் துண்டுகள் போலத் திட்டுகள். அது யாரையும் உடனே திரும்பிப் பார்க்காது. வந்தவர்கள் காத்திருக்க வேண்டும். அதனால் கோதண்டம் அதற்குக் ‘கலெக்டர்’ என்று பேர் வைத்திருந்தார். கடையை மூடிவிட்டு வந்ததும் கலெக்டர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அன்றைய வியாபாரத்தை அதனிடம்தான் சொல்வார்.

“இது உங்க தொட்டி,” என்றார் மெஹர். “இனிமே நான் வரமாட்டேன்.”

“சந்தேகம் வந்தா?”

“போன்ல கேளுங்க. வரமாட்டேன்.”

ஏகாம்பரம் அன்று மாலை டிப்போவுக்குப் போய், பழைய நண்பர்களிடம் தனக்குத் தொட்டி கிடைத்ததைச் சொன்னார். புது வண்டி கிடைத்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாராம்.

ஆயுத பூஜை வந்தது.

பேருந்து ஓட்டிய காலமெல்லாம் அந்த நாளுக்கு முந்தின நாள் அவருக்கு உட்கார நேரமிருக்காது. வண்டியை மேலிருந்து கீழே வரை கழுவி, ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டுவார். இப்போது வண்டி இல்லை. தொட்டி இருந்தது.

கோதண்டம் வீட்டுக்குப் போய் ஃபில்டரைக் கழற்றினார். மோட்டாரைத் துடைத்தார். பஞ்சைக் குழாய்க்கு அடியில் பிடித்து, பிழிந்து, மறுபடி பிடித்து, பழுப்பு நீர் வருவது நிற்கும்வரை அலசினார். சோப்பு போடவில்லை. மீனுக்கு ஆகாது என்று மெஹர் சொல்லியிருந்தார். பிறகு மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தார். பஞ்சு வெள்ளையாகிவிட்டது. கடையில் வாங்கிய நாளில்கூட அவ்வளவு வெள்ளையாக இருந்திருக்காது.

எல்லாவற்றையும் மாட்டி, கண்ணாடியில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். கோதண்டம் பூ வைத்தார். கலெக்டர் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

“உங்க டீச்சர்கூட இப்படி வச்சதில்லைய்யா,” என்றார் கோதண்டம்.

ஏகாம்பரத்துக்கு மனசு நிறைந்துவிட்டது.

இரண்டொரு நாளில் தண்ணீர் வெளுக்கத் தொடங்கியது. முதலில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. பிறகு பால் மாதிரி.

ஏகாம்பரம் தண்ணீர் முழுவதையும் மாற்றினார். குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கும் மருந்தை விட்டுத்தான் ஊற்றினார். தெளிந்தது. மறுநாள் மறுபடி வெளுத்தது. மறுபடி மாற்றினார். கூழாங்கற்களை எடுத்துக் கழுவினார். கடையில் விற்கும் தெளிய வைக்கும் திரவம் ஒன்றை வாங்கி ஊற்றினார். ஒரு சாயங்காலம் தெளிந்திருந்தது. காலையில் தொட்டியின் பின்பக்கச் சுவர் தெரியவில்லை.

கலெக்டர் சாப்பிடுவதை நிறுத்தியது. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு அதுவும் இல்லாமல் அடியில் சாய்ந்து கிடந்தது.

ஏகாம்பரம் மெஹருக்குப் போன் செய்யவில்லை. எண்ணை எடுப்பாராம், வைத்துவிடுவாராம்.

கோதண்டம்தான் செய்தார்.

மெஹர் வந்தபோது ஏகாம்பரம் கையில் வாளியோடு நின்றிருந்தார்.

“வாம்மா,” என்றார் கோதண்டம். “வந்து பாரு. கலெக்டருக்குப் பாலாபிஷேகம் நடக்குது.”

மெஹர் தொட்டியின் முன் குந்தி உட்கார்ந்தார். மீனின் செவுள் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

“என்ன செஞ்சீங்கண்ணே?”

“தண்ணி மாத்தினேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“இன்னொரு வாட்டி மாத்தினேன்.”

“அதுக்கும் முன்னாடி?”

“கலங்கிச்சு. அதான் மாத்தினேன்.”

“கலங்கறதுக்கு முன்னாடிண்ணே.”

“ஒண்ணும் பண்ணல டீச்சரம்மா. பூஜைக்கு எல்லாத்தையும் சுத்தம் பண்ணேன். அதுல ஒரு குறை சொல்ல முடியாது. இருங்க, காட்டறேன்.”

வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஃபில்டரைத் திறந்து பஞ்சை எடுத்து மெஹர் கையில் வைத்தார்.

மெஹர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

“குழாய்த் தண்ணியிலயா?”

“விட்டு விட்டு அலசினேன்.”

“வெயில்ல காய வச்சீங்களா?”

“பின்ன? ஈரமாவா பூஜைக்கு வைப்பாங்க?”

மெஹர் பஞ்சை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“நான் பஞ்சைப் பழுப்பாவே திருப்பி வைப்பேனே. அப்பல்லாம் என்ன நினைச்சீங்க?”

“அது எதுக்கு இப்போ?”

“சொல்லுங்க.”

“கோவிச்சுக்குவீங்க.”

“இல்ல.”

“சோம்பேறித்தனம்னு நினைச்சேன். வயசுப் பொண்ணு, நாளைக்கு நாலு வீடு ஓடுது, முடியலன்னு நினைச்சேன்.”

மெஹர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்.

“கலெக்டர் சாப்பிடறார், கழிவு போடறார். அதை யாருண்ணே அள்ளறது? நீங்க வாரத்துக்கு ஒரு நாள்தானே வரீங்க.”

ஏகாம்பரம் தொட்டியைப் பார்த்தார். மெஹர் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார்.

“இதுக்குள்ள இருந்துதா?”

“கண்ணுக்குத் தெரியாத உயிருங்க. அந்தப் பழுப்புதான் அதுங்க வீடு. குளோரின் தண்ணியும் வெயிலும் பட்டா செத்துடும்.”

“நான் அழுக்குன்னு...”

ஏகாம்பரம் வாளியைக் கீழே வைத்தார்.

இதையெல்லாம் கோதண்டம் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவர் கண் மீன்மேலேயே இருந்தது.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும்மா,” என்றார். “தண்ணி கெட்டதா, இந்த ஆளு கெடுத்தாரா? தண்ணின்னா லாரித் தண்ணி வாங்கிக்கறேன். ஆளுன்னா ஆளை மாத்திக்கறேன்.”

மெஹர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பவில்லை.

“ஆளுதான்,” என்றார் ஏகாம்பரம்.

கோதண்டம் அவரைப் பார்த்தார்.

“ஆளுதான் கோதண்டம். தண்ணி மேல தப்பில்ல. உன் கலெக்டரைப் படுக்க வச்சது நான்தான்.”

மெஹர் எழுந்தார். “அவரை மாத்தறதா இருந்தா நாளைக்கு மாத்துங்க சார். இப்ப ரெண்டு பேரும் இங்கயே இருங்க,” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

இரண்டு பேரும் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கூட்டர் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

“தண்ணி மேல போட்டிருந்தா நான் நம்பியிருப்பேன்யா,” என்றார் கோதண்டம்.

“தெரியும்.”

“அப்புறம் ஏன்?”

“தொட்டி என்னுது.”

மெஹர் திரும்பி வந்தபோது கையில் ஒரு சாப்பாட்டு டப்பா இருந்தது. திறந்தார். உள்ளே பாதியாக வெட்டிய ஒரு பஞ்சு, சொதசொதவென்று, கரும்பழுப்பாக இருந்தது. மழை விட்ட குளத்துக் கரையின் வாசனை வந்தது.

“எங்க வீட்டுத் தொட்டிப் பஞ்சு,” என்றார். “பாதியை அங்க விட்டுட்டு வந்திருக்கேன். பிழியுங்கண்ணே.”

“எதுல?”

“தொட்டியிலதான்.”

“இன்னாம்மா,” என்றார் கோதண்டம், “இருக்கிற அழுக்கு பத்தலையா?”

ஏகாம்பரம் கையை நீட்டினார். பஞ்சைத் தொட்டதும் கை கொஞ்சம் பின்வாங்கியது. பிறகு எடுத்துக்கொண்டார். பால் நிறத் தண்ணீருக்குள் கையை விட்டு, பிழிந்தார். பழுப்பு சுருள் சுருளாக இறங்கிப் பரவியது. டிக்காஷன் விட்ட மாதிரி ஆயிற்று தொட்டி.

“சக்கரை போட்டா குடிச்சுடலாம்,” என்றார் கோதண்டம். அவர் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

மெஹர் பிழிந்த பஞ்சை வாங்கி ஃபில்டருக்குள் வைத்து மூடினார்.

“இது யார் கொடுத்தது தெரியுமாண்ணே? நான் கத்துக்க வந்தப்ப என் தொட்டியும் இப்படித்தான் கலங்கிச்சு. எனக்குக் கத்துக் குடுத்தவர் சாமுவேல் அண்ணன். தன் தொட்டிப் பஞ்சைப் பாதியா வெட்டிக் கொண்டாந்து வச்சார். அவருக்கு ஒருத்தர் கொடுத்தாராம். அந்த ஒருத்தருக்கு யாரோ.”

“அந்த யாரோ யாரு?”

“சாமுவேல் அண்ணனுக்கே தெரியாது. எனக்கு அது போதும். எங்கிட்ட வந்து இது நிக்கலைன்னு நெஞ்சை நிமித்திச் சொல்வேன்.”

ஏகாம்பரம் தன் கையைப் பார்த்தார். விரல் இடுக்குகளில் பழுப்பு ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“இனிமே என்ன பண்ணணும்?”

“தினமும் கொஞ்சம் தண்ணி மாத்துங்க. முந்தின நாளே பிடிச்சு வச்ச தண்ணி. கலெக்டருக்குச் சாப்பாடு கிடையாது. மத்தபடி கையை மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க.”

“அதுதானேம்மா கஷ்டம்.”

“அதான்.”

கோதண்டம் ஆளை மாற்றவில்லை. மீன் பிழைக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றலாம் என்று நினைத்திருந்ததாகப் பிற்பாடு சொன்னார்.

ஏகாம்பரம் தினமும் வந்தார். தண்ணீரை ஒரு ஓரமாக, கலெக்டர் மேல் படாமல் ஊற்றுவார். பிறகு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். டிப்போ நண்பர் ஒருவர் தேடி வந்து பார்த்துவிட்டு, “என்ன ஏகாம்பரம், மீனுக்கு நர்ஸ் வேலையா?” என்றார்.

“டிரிப்ஸ் ஏத்தல, அது ஒண்ணுதான் பாக்கி.”

“செத்துட்டா வேற மீன் வாங்கி விட வேண்டியதுதானே. இதுக்கா இத்தினி நேரம்?”

“உன் வண்டி பிரேக்டவுன் ஆனா நடு ரோட்டுல விட்டுட்டு வேற வண்டில ஏறிப் போவியா?”

நண்பர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒரு நாள் கோதண்டம், மீனின் தீனி டப்பாவைச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.

“எடு வெளிய,” என்றார் ஏகாம்பரம்.

“ரெண்டே ரெண்டு. பசியோட எப்படிய்யா கிடக்கும்?”

“டீச்சரம்மா சொல்லியிருக்கு.”

“உன் டீச்சரம்மாவுக்குத் தெரியவா போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

கோதண்டம் டப்பாவை அவர் கையில் கொடுத்தார். ஏகாம்பரம் அதைத் தன் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார்.

பழுப்பு முதலில் அடங்கியது. வெளுப்பு அடங்கவில்லை. ஒரு நாள் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். மறுநாள் அப்படி இல்லை என்று தோன்றும். மீன் இறந்துவிட்டதாக ஒரு மதியம் கோதண்டம் போன் செய்தார். ஏகாம்பரம் ஓடி வந்து பார்த்தபோது செவுள் அசைந்தது. அன்று அவர் வழக்கம்போலக் கொஞ்சம் தண்ணீரை மாற்றிவிட்டுத் திரும்பிப் போனார்.

பிறகு ஒரு காலையில் போன் வந்தது.

“யோவ், வா. தண்ணியக் காணோம்.”

“என்னது? தொட்டி உடைஞ்சுதா?”

“உடையல. மீன் மட்டும் அந்தரத்துல நிக்குது.”

ஏகாம்பரம் போனார். தொட்டிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில், அன்றைய நல்ல நேரம்கூடத் தொட்டியின் வழியாகவே படிக்க முடிந்தது. கலெக்டர் நடுவில் நின்றிருந்தது. துடுப்பு விரிந்திருந்தது. ஏகாம்பரம் நின்றார், காத்திருந்தார். அது மெல்லத் திரும்பி அவரை ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

“திமிரப் பாத்தியா,” என்றார் கோதண்டம். மகன் முதல் மார்க் வாங்கிய மாதிரி இருந்தது அவர் முகம். “தீனி டப்பாவக் குடுய்யா.”

ஏகாம்பரம் மெஹருக்குப் போன் செய்தார்.

“தெளிஞ்சுடுச்சு டீச்சரம்மா.”

“வந்து பாக்கட்டுமா?”

“வேணாம். நான் பாத்துக்கறேன்.”

மெஹர் போனை வைத்துவிட்டு, “வேணாங்கறார்டா,” என்று தம்பியிடம் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள் என்று என் நண்பன் சொன்னான்.

அடுத்து நடந்தது ஒரு வருடத்துக்கு மேல் கழித்து.

மெஹர் சொந்தமாகக் கடை போட இடம் பிடித்தார். அதே சமயம் வீடும் மாறினார். சாமான் ஏற்றும்போது அவர் வீட்டுத் தொட்டி வண்டியிலேயே உடைந்தது. மீன்களை வாளியில் பிடித்துக் காப்பாற்றிவிட்டார்கள். பஞ்சு, யாரும் கவனிக்காமல், வெயிலில் நின்ற வண்டியிலேயே கிடந்து காய்ந்துவிட்டது. சாமுவேல் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவருடைய தொட்டியை வீட்டார் விற்றிருந்தார்கள்.

கடைக்குப் புதுத் தொட்டிகள் வந்து இறங்கின. மெஹர் அதே சாப்பாட்டு டப்பாவோடு கோதண்டம் வீட்டுக்கு வந்தார். ஏகாம்பரத்தையும் வரச் சொல்லியிருந்தார்.

“அண்ணே, உங்க பஞ்சுல பாதி வேணும்.”

“ஊரெல்லாம் தொட்டி வச்சிருக்கியேம்மா,” என்றார் கோதண்டம். “அங்கெல்லாம் கிடைக்காத அழுக்கா?”

“இதுதான் வேணும் சார்.”

“எங்க வீட்டு அழுக்குக்கு வந்த மவுசப் பாத்தியாடா,” என்று அவர் கலெக்டரிடம் சொன்னார்.

ஏகாம்பரம் ஃபில்டரைத் திறந்தார். பஞ்சைத் தண்ணீருக்குள் வைத்தபடியே கத்தரியால் வெட்டினார். பாதியை டப்பாவில் வைத்து, தொட்டித் தண்ணீரையே மூழ்கும் அளவுக்கு ஊற்றி மூடினார். இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

மெஹர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“என்ன டீச்சரம்மா, எங்கிட்டப் போய்க் கேட்டுக்கினு,” என்றார் ஏகாம்பரம். “நீங்க குடுத்ததுதானே. உங்களுத நீங்க திருப்பி எடுத்துக்கிறீங்க, அவ்ளோதான்.”

மெஹர் டப்பாவின் மூடியை அழுத்தி ஒரு முறை சரிபார்த்தார்.

“நான் குடுத்தது எப்பவோ செத்துப்போச்சுண்ணே. இப்ப இதுல இருக்கிறது நீங்க வளத்தது.”

ஏகாம்பரம் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எதைத் துடைப்பது என்று தெரியாமல், துடைத்திருந்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

மெஹர் கடைசியாகச் சொன்னது சரிதானா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. நுண்ணுயிரியல் கற்பிக்கும் ஒருவரிடம் கேட்டேன். முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது என்றார். இந்த உயிர்கள், ஒன்று இரண்டாகப் பிரிந்துதான் பெருகுமாம். பிரிந்தபின் அந்த இரண்டில் கொடுத்தது எது, வளர்ந்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாதாம்.